இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு எழுதிய பதில்

போன மாதம் தினேஷ் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன். பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வு வெளியீட்டுப் பிரிவு அது. ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் எழுதும் கட்டுரைகளை நல்ல ஆய்விதழ்களுக்கு அனுப்பும் பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான் அங்கே வேலை.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சந்தேகமுங்க. இப்ப ரிவ்யூவருக்குப் பதில் எழுதறதையும் கம்ப்யூட்டரே செஞ்சுபோடுது. அவரோட கேள்விய உள்ள போட்டாப் போதும், பக்கம் பக்கமா பதில் வருது. அப்புறம் அந்த ரூம்ல ஆளு எதுக்குன்னு பிரின்சிபல் கேக்கறாருங்க. நீங்க இத்தனை வருசம் என்ன பண்ணுனீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"நான் எழுதிக் குடுத்தா உன்ற வேலை நிக்குமா?"

"நிக்கோணுமுங்க மேடம். இப்பத்தானுங்க கல்யாணம் ஆச்சு."

கணினி எழுதிய பதில் ஒன்றையும் அனுப்பிவைத்தான். படித்தேன். மொழியில் பிழையே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நன்றி சொல்லியிருந்தது, ஒவ்வொரு கருத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தது. கட்டுரையை எழுதியவர் எந்த இடத்திலும் 'இல்லை' என்று சொல்லவில்லை. தினேஷுக்கு என்ன எழுதுவது என்று அப்போது தெரிந்துவிட்டது.

நான் ஆய்வாளர் இல்லை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, ஓர் ஆங்கில நாளிதழின் கோவைப் பதிப்பில் துணை ஆசிரியராகச் சேர்ந்தேன். மாநகராட்சிக் கூட்டம், மில் வேலைநிறுத்தம், யானை புகுந்த வாழைத்தோட்டம் என்று வந்ததையெல்லாம் திருத்தினேன். அங்கே கற்றது கொஞ்சம்தான். செய்தியில் ஓர் எண் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு பெயர் இருந்தால், அவர் அங்கே என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். நிருபருக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. பதிப்பைச் சுருக்கியபோது வெளியே வந்தேன். கல்லூரியில் ஆங்கிலம் திருத்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன்.

நேர்காணல் நடத்தியவர் டாக்டர் நஞ்சப்பன். ஜவுளித் துறைப் பேராசிரியர். ஆய்வுப் பிரிவுக்கும் அவரே தலைவர். அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதிலாகப் பென்சில். ஒரு கட்டுரையைக் கொடுத்து, திருத்திக் காட்டச் சொன்னார். நான் ஓர் இடத்தில்தான் கோடு போட்டிருந்தேன். துணியை மூன்று முறை துவைத்ததாகச் செய்முறையில் இருந்தது, அட்டவணையில் நான்கு துவைப்புக்கு முடிவு இருந்தது.

"இங்கிலீஷ எப்பத் திருத்துவீங்க?" என்றார்.

"இதுக்குப் பதில் தெரிஞ்சதுக்கு அப்புறம் சார்."

"அப்பத் திங்கக்கிழமை வந்துருங்க அம்மணி."

அவர் ஒரு கட்டுரையைப் படிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் எங்கள் பிரிவின் சட்டமாக இருந்தது. முதலில் படங்களைப் பார்ப்பார். படத்துக்குக் கீழே உள்ள விளக்கத்தை இடது கையால் மறைத்துக்கொள்வார். விளக்கம் இல்லாமல் படம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அடுத்து அட்டவணைகள். அப்புறம் முடிவுரை. கடைசியில்தான் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கம். முடிவுகளில் இல்லாத ஒன்று சுருக்கத்தில் இருந்தால், அந்த வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம். 'தப்பு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இது எனக்குப் புரியலீங்களே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு உதவிப் பேராசிரியர்கள் பயந்தார்கள். திட்டினால் திருப்பிச் சொல்லலாம். புரியவில்லை என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லும்போது, புரியவைத்தே ஆக வேண்டும்.

இதழைத் தேர்ந்தெடுப்பதற்கும் வழிமுறை இருந்தது. கட்டுரை எழுதியவர் அந்த இதழின் சமீபத்திய கட்டுரைகளை வாசித்திருக்க வேண்டும். எதற்கு அந்த இதழ் என்று என்னிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். "பெரிய ஜர்னலுங்க" என்பதைப் பதிலாக ஏற்க மாட்டேன். நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்த காலம் அது, அதனால் முகவரியை நூலகர் வழியாகச் சரிபார்ப்போம். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, சொன்ன விஷயம் அதில் இருக்கிறதா என்று பார்ப்போம். இதழ் பெயர் சொல்லாமல் நியமிக்கும் மதிப்பீட்டாளர்களின், அதாவது ரிவ்யூவர்களின், கருத்து வந்து கட்டுரை திருத்தப்பட்டால், பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவது என் வேலை. சலிப்பான வேலைதான். அதை நான் யாரிடமும் விட்டதில்லை.

கட்டுரையாசிரியர் பெயர் வரிசையில் ஒரு சங்கடம் இருந்தது. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரி, கட்டுரையிலும் எல்லாப் பெயரும் வந்தாக வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். மாணவர், வழிகாட்டி, துறைத்தலைவர், முதல்வர், தாளாளர் என்று பட்டியல் நீளும். ஒரு பெயரை விட்டால் மாமன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நஞ்சப்பன் சார் யாரையும் நீக்கவில்லை. சோதனையைத் திட்டமிட்டது யார், செய்தது யார், எழுதியது யார் என்று இதழே கேட்கிறது, அவரவர் செய்ததை அவரவரே சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டார். தாளாளரிடம் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். தாளாளர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, என்ற பேரு எதுக்குங்க இதுல? நாளைக்கு எவனாச்சும் போன் பண்ணிச் சந்தேகம் கேட்டா நான் என்ன சொல்லட்டும், தேங்கா வெலையா?"

அன்றோடு அந்தப் பழக்கம் எங்கள் கல்லூரியில் நின்றது. மற்றவர்கள் தாளாளரைவிடப் பெரியவர்களாக இருக்க முடியவில்லை.

இனி எஸ்தர்.

எஸ்தர் மேட்டுப்பாளையத்துப் பெண். பெற்றோர் இருவரும் பாக்குத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா பிறகு மண்டியில் சுமை தூக்கப் போனார். அம்மா பாக்கு உரிக்கும் களத்தில் இருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள். நஞ்சப்பன் சாரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். உரித்தெடுத்த பாக்குத் தோலில் இருந்து நார் எடுத்து, அதை அழுத்தித் தடித்த அட்டையாக்கி, அது எவ்வளவு சத்தத்தை உறிஞ்சுகிறது என்று அளப்பது அவள் ஆய்வு. ஏன் இந்தத் தலைப்பு என்று முதல் நாளே கேட்டேன்.

"கணபதி ஏரியாவுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கறேனுங்க மேடம். பக்கத்துச் செவுத்துக்கு அந்தப் பக்கம் லேத்துப் பட்டறை. காது வலிக்குதுங்க. ஊருல தோலு மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது. ரெண்டையும் சேத்திப் பாத்தேனுங்க."

இப்படி ஒரு பதில் வந்தால் கட்டுரையின் முதல் பத்தியைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. பல்கலைக்கழக விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அங்கீகரித்த இதழ் ஒன்றில் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அவள் பதிவுக் காலம் ஒரு தடவை நீட்டிக்கப்பட்டுவிட்டது. இனி நீட்டிக்க வழியில்லை. காலம் முடிந்தால் பதிவு ரத்தாகும். முதலில் இருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சும் எடுத்திருந்தார்கள். விட்டுவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நல்ல இதழாகப் பார்த்து அனுப்பினோம். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பெரிய திருத்தங்கள் செய்து மீண்டும் அனுப்பலாம் என்றார் இதழாசிரியர். முதல் மதிப்பீட்டாளர் மொழியைப் பாராட்டி, ஓர் அட்டவணையை மாற்றச் சொல்லியிருந்தார். இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை நீளம். அதில் ஒரு கருத்து இப்படி இருந்தது: 'மாதிரிகளில் ஒரு பகுதி மற்றவற்றைவிட மிக அதிகமாக ஒலியை உறிஞ்சுவதாகக் காட்டப்பட்டுள்ளது. ஒரே பொருளில் இவ்வளவு வேறுபாடு வராது. இது அளவீட்டுப் பிழை. அவற்றை நீக்கிவிட்டு முடிவுகளை மறுபடி கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் இக்கட்டுரையைப் பரிந்துரைக்க இயலாது.'

எஸ்தர் விரைவாகத் திருத்திக் கொண்டுவந்தாள். வழக்கம்போல இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தேன். புதியதில் மாதிரிகள் குறைந்திருந்தன. வரைபடம் அழகாக, ஒரே கோடாக மாறியிருந்தது. பதில் கடிதத்தில் எல்லாக் கருத்துக்கும் கீழே ஒரே வாக்கியம்: தங்கள் கருத்து சரியானது, அவ்வாறே செய்துவிட்டோம்.

அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தச் சாம்பிளெல்லாம் எங்க போச்சு?"

"எடுத்துப்போட்டேனுங்க மேடம்."

"ஏன்?"

"அவரு எடுக்கச் சொல்லீட்டாருங்களே."

"அவர் சொல்றது சரியா?"

துப்பட்டா முனையைச் சுருட்டினாள். பிறகு, "இல்லீங்க" என்றாள்.

"இல்லைன்னா ஏன் சரின்னு எழுதியிருக்கே?"

"பெரியவங்க சொல்றப்ப எப்படீங்க இல்லைங்கறது?"

"அவர் யாருன்னே உனக்குத் தெரியாதே. உன்னைவிடச் சின்னவராக்கூட இருக்கலாம்."

"தெரியாததுனாலதானுங்க மேடம் பயமே."

அளவீடு தப்பா என்று கேட்டேன். இல்லை என்று உறுதியாகச் சொன்னாள். அந்த வேறுபாட்டைக் கண்டு அவளும் முதலில் திகைத்துக் கருவியைத் திரும்பச் சோதித்திருக்கிறாள், அதே முடிவுதான் வந்திருக்கிறது. அப்புறம் யோசித்திருக்கிறாள், காரணம் விளங்கிவிட்டது.

"அது பச்சைக் காயோட தோலுங்க. மத்தது பழுத்த காயோடது. பச்சைக் காயில நாரு மெல்லிசா, மெத்துன்னு இருக்குமுங்க. பழுத்துட்டா முரடாப் போயிரும். மெல்லிசு சத்தத்த நல்லா அமுக்குது."

செய்முறைப் பகுதியைத் திறந்தேன். 'மேட்டுப்பாளையத்தில் சேகரித்த பாக்குத் தோல்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

"இதுல பச்சை, பழுத்ததுன்னு எங்கேயுமே இல்லையே எஸ்தர்."

அவள் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தாள். "அதையெல்லாமா மேடம் எழுதுவாங்க? பாக்குன்னா ரெண்டும் இருக்குமுங்களே. எங்கூருல கொழந்தைக்குக் கூடத் தெரியும்."

மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அவளுக்கு அது தகவலே இல்லை. காற்றைப் போல, சொல்ல வேண்டியிராத ஒன்று. கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்து படித்தவருக்கு அது தெரிய வழியில்லை. அவர் சந்தேகப்பட்டது நியாயம். நீக்கச் சொன்னது மட்டும்தான் தப்பு.

இரண்டு பேரும் நஞ்சப்பன் சாரின் அறைக்குப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பழைய வரைபடத்தை எடுத்து, விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முதலில் சொன்னது நான் எதிர்பார்க்காதது.

"எடுத்துட்டே அனுப்பீரலாம் அம்மணி. சண்டை போட இப்ப நேரமில்லை. மறுத்து எழுதுனா அவரு முறுக்கிக்குவாரு, இல்லாட்டி இன்னொருத்தருக்குப் போகும், மாசம் ஓடிரும். மிச்சம் இருக்கற சாம்பிளும் பொய்யில்லீங்களே. பச்சைக் காயை வெச்சுப் பின்னால வேற கட்டுரை எழுதிக்கலாம்."

அது பொறுப்பில்லாத பேச்சு இல்லை. அவர் மாணவியின் பட்டத்தைக் காப்பாற்றப் பார்த்தார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனாலும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சார், எடுத்துட்டா 'அளவீட்டுப் பிழைன்னு ஒத்துக்கறோம்'னு எழுதின மாதிரி ஆகும். பின்னால அதே அளவீட்டை வெச்சுத்தானே அந்தக் கட்டுரை வரணும்?"

அவர் பென்சிலை மேசையில் உருட்டினார். எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"கட்டுரைல மொதப் பேரு யாருதுங்க கண்ணு?"

"என்றதுங்க சார்."

"அப்ப நீ சொல்லு. நானு ரிடையர் ஆகப் போறவன். மேடம் வரியப் பாக்கறவங்க. காலம் போனா உன்றதுதான் போகும். எடுக்கலாமா, வேண்டாமா?"

அவள் பழைய வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பச்சைக் காயித் தோலுதானுங்க சார் நல்லாச் சத்தத்த அமுக்குது. அத எடுத்துட்டா இதுல என்னங்க இருக்குது? தேங்கா நாரை வெச்சே இந்த அளவு எத்தனையோ பேரு பண்ணீருக்கறாங்க." சாரை நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாமுங்க சார். இருக்கட்டுமுங்க."

"சரி. அப்ப அவருக்குப் புரியறாப்பல சொல்லோணும்," என்றார் சார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் மாற்றிப் பேசவில்லை. மாணவி முடிவெடுத்த பிறகு அது அவருடைய முடிவும் ஆகிவிட்டது.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். இரண்டு வகைத் தோலையும் தனித்தனியாக மறுபடி சேகரித்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, அளவீட்டையும் திரும்பச் செய்வது என்று முடிவாயிற்று. சேகரிக்கும்போது நானும் போனேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை. நாளிதழில் இருந்த காலத்துப் பழக்கம், எழுதப்போகும் இடத்தைக் கண்ணால் பார்க்காவிட்டால் வாக்கியம் வராது.

களம் காரமடைச் சாலையில் இருந்து கொஞ்சம் உள்ளே. தகரக் கொட்டகைக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். பருவம் மாறும் சமயம், இரண்டு காயும் வந்துகொண்டிருந்தது. எஸ்தர் சொன்னபடியே இரண்டு குவியல். ஒன்று பச்சையும் வெளிர்மஞ்சளுமாக ஈரத்தோடு இருந்தது. இன்னொன்று ஆரஞ்சும் பழுப்புமாக முறுகிக் கிடந்தது. பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. எஸ்தர் அளவுகோலைக் குவியல் மேல் வைத்துப் படமெடுத்தாள். அவளுடைய அம்மாவும் பக்கத்தில் இருந்த பெண்களும் கையை நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்புள்ள, இத்தனை படிச்சும் இந்தத் தோலுகிட்டத்தான வந்து நிக்கற?" என்றார் ஒருவர்.

"அம்மாவ உடுவாளா, தோல உடுவாளா?" என்றார் இன்னொருவர்.

"ஏனுங்க, எங்களையும் ஒண்ணு புடிங்க. பேப்பர்ல வருமுங்களா?" என்று என்னைக் கேட்டார் மூன்றாமவர்.

"இந்தப் பேப்பர்ல ஆளு வராதுங்க. தோலு மட்டுந்தான் வரும்," என்றேன்.

"கேட்டியா அக்கா? நம்மளவிடத் தோலுக்கு மவுசு ஜாஸ்தி!"

எஸ்தரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளை ஓரமாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவ முடிஞ்சுருமா கண்ணு?" என்று கேட்டார். "முடிச்சுப்போடுவேன்மா," என்றாள். பையில் தோலைப் போட்டுக் கட்டும்போது அவள் கை வேகமாக இருந்தது.

அளவீடுகள் வந்தன. முன்பு வந்தது போலவே வந்தன. நுண்ணோக்கிப் படங்களில் பச்சைக் காயின் நார் மெல்லியதாகவும் பழுத்ததன் நார் தடித்தும் இருந்தன. விளக்கத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் அந்தப் படங்கள் பேசின. சார் இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கஷ்டமான பகுதி இனிமேல்தான் வந்தது. மறுப்பை எழுத வேண்டும். எஸ்தரின் முதல் வரைவு மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பில் முடிந்தது. நடுவில் எங்கோ விஷயம் ஒளிந்திருந்தது. சார் அதைப் படித்துவிட்டு, "இது எனக்குப் புரியலீங்களே கண்ணு. கொலை ஏதாச்சும் பண்ணீட்டமா?" என்றார்.

விதிகளைச் சொன்னார். நன்றியைக் கடிதத்தின் மேலே ஒரே தடவை சொன்னால் போதும். மதிப்பீட்டாளரின் கருத்தைச் சுருக்காமல் முழுதாக எடுத்து எழுத வேண்டும். கீழே பதில். பதிலின் முதல் வாக்கியத்திலேயே நம் நிலை தெரிய வேண்டும். நம் பக்கம் குறை எது உண்டோ, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரம் எந்தப் பக்கத்தில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் எதனால் அப்படி நினைத்தார் என்பதை அவருக்கே விளங்கும்படி காட்ட வேண்டும், ஆனால் அவருக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.

எஸ்தரும் நானும் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் 'இதை ஏற்க இயலவில்லை' என்று ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அவள் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது.

"மேடம், ஒரு 'ங்க' கூடப் போட முடியாத பாஷையில எப்படீங்க இல்லைன்னு சொல்றது?"

"சாரு சொல்றாப்பல சொல்லு. அவர் யாரையாவது மரியாதை கொறைச்சுப் பேசி நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"அவர் சொன்ன எதையாவது நீ தட்டியிருக்கியா?"

"ஐயோ, முடியுமுங்களா!"

"அதைத்தான் இங்கிலீஷ்ல எழுதணும்."

கடைசியில் எழுதியது நான்கே வாக்கியம். முதலில், இந்த மாதிரிகளை நீக்குவது சரியாக இராது என்று கருதுகிறோம். இரண்டாவது, பாக்கு இரண்டு பருவத்தில் அறுவடையாகிறது என்பதைச் செய்முறையில் குறிப்பிடாதது எங்கள் விடுபடல், அதைச் சேர்த்துவிட்டோம். மூன்றாவது, புதிதாகச் சேகரித்த தோலிலும் அதே வேறுபாடு வந்துள்ளது, படங்களும் அட்டவணையும் இணைக்கப்பட்டுள்ளன. நான்காவது, தங்கள் கேள்வி இல்லாவிட்டால் இந்த வேறுபாட்டின் முக்கியத்துவத்தை நாங்களே வெளிப்படையாக எழுதியிருக்க மாட்டோம். அந்த நான்காவது வாக்கியம் எஸ்தருடையது. அது உபசாரமா என்று கேட்டேன். "இல்லீங்க மேடம், நெசந்தானுங்க" என்றாள். அப்படியானால் இருக்கட்டும் என்றேன்.

மூவரும் தனித்தனியாகப் படித்து, கடைசியாக அவளே அனுப்பினாள்.

காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இதழின் இணையதளத்தில் 'மதிப்பீட்டில் உள்ளது' என்ற ஒரே வரி அசையாமல் நின்றது. எஸ்தர் அதைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆய்வேட்டை அட்டை போட்டுக் கட்டுவதற்குத் தயார் செய்தாள். பதிவுக் காலத்தில் சில வாரங்களே மிச்சம். நஞ்சப்பன் சார் பல்கலைக்கழகத்தில் யாரையோ பார்த்துவிட்டு வந்தார். காலத்தை நீட்டிக்க விதியில் இடமில்லையாம். அதை எஸ்தரிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார். அவள் கேட்கவும் இல்லை. மறுப்புக்கு வழிவைத்த கேள்வியைக் கேட்டது நான் என்பதால் எனக்கு அந்த வாரங்களில் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அது மிகை. சாப்பிட்டேன். ஆனால் வேறு யாருடைய கட்டுரையையும் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

பதில் ஒரு பிற்பகலில் வந்தது. சாரின் அறையில் மூவரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். எஸ்தரின் கைபேசி ஒலித்தது. பார்த்தவள் அதை அப்படியே என்னிடம் நீட்டினாள். "நீங்களே படியுங்க மேடம். என்னால முடியாதுங்க."

சத்தமாகப் படித்தேன். சிறு திருத்தத்துடன் ஏற்கலாம் என்று இதழாசிரியர் எழுதியிருந்தார். கீழே இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை, இந்தத் தடவை ஒரே பத்தி. கட்டுரையாசிரியர்களின் விளக்கம் தனக்குத் திருப்தி தருகிறது. பாக்கின் இரு பருவம் பற்றித் தான் அறிந்திருக்கவில்லை. இக்கட்டுரையின் முக்கியமான கண்டுபிடிப்பே அதுதான் என்று இப்போது கருதுவதால், அது செய்முறைக்குள் அடங்கிக் கிடக்கக் கூடாது. கட்டுரையின் தலைப்பிலேயே அது வர வேண்டும் என்பது தன் ஆலோசனை.

சார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை.

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக் கேட்டாள்: "மேடம், இதுக்கு மட்டும் சரீங்கன்னு சொல்லிப்போடட்டுமுங்களா?"

சார் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்லு கண்ணு, சொல்லு. தாராளமாச் சொல்லு."

அவள் அங்கேயே, சாரின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, தலைப்பை மாற்றினாள். பதிலையும் எழுதினாள். எங்கள் பிரிவில் இருந்து நான் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போனதில்லை. அன்றைக்கு நான் எட்டிப் பார்க்கவில்லை. சாரும் பென்சிலை எடுக்கவில்லை. அவளே படித்து, அவளே அனுப்பினாள்.

ஏற்புக் கடிதம் வந்து, கெடு முடிவதற்கு முன்பே ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.